யாரும் வராமல் ஒளிர்ந்த தண்ணீர்

குவார்ட்ஸ் பெட்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாய் விளிம்பில், இரண்டு விரலால், தாய்ப்பூனை குட்டியைக் கழுத்தில் கவ்வுகிற மாதிரி. அதன் நாலு பக்கமும் ஒளி போய்வருகிற பக்கம். எங்கே விரல் பட்டாலும் கருவி அந்த விரலையும் சேர்த்துத்தான் வாசிக்கும். விரல் அகலம், சுண்டுவிரல் உயரம், மேலே ஒரு வெள்ளை மூடி. ஆய்வுக்கூடத்தில் அதைக் குவெத்தா என்பார்கள். நான் பெட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

மன்னாரிலிருந்து வந்து பதினாறு வருடம் இத்தாலியில், பலெர்மோவில் வீடுகள் கழுவினேன். ஐம்பத்தோராவது வயதில், இரண்டு முழங்கால்களும் இனி முடியாது என்று சொன்ன பிறகு, ஒரு துப்புரவுக் கூட்டுறவு மூலமாக இரசாயன ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் வேலை கிடைத்தது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. ஒவ்வொரு டிசம்பரிலும் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியை ‘இவரே தொடரட்டும்’ என்று கடிதம் எழுதினால் தொடரலாம். எழுதாவிட்டால் மறுபடி குளியலறைகள், மறுபடி முழங்கால்.

நின்றபடி செய்கிற வேலை என்பது மட்டுமல்ல அதன் அருமை. வீடுகளில் நான் கழுவி வைத்த குவளையை சிஞ்ஞோராக்கள், அதாவது வீட்டுக்கார அம்மாக்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். அலுமாரி மேல் விரலை ஓட்டி, விரல் நுனியை எனக்குக் காட்டுவார்கள். இங்கே அப்படி இல்லை. ‘கழுவியாயிற்று’ என்று நான் சொன்னால் அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போவார்கள். என் சொல்லை நம்பி ஒரு கருவியே ஓடுகிறது என்பதை முதல் மாதம் என்னால் நம்பவே முடியவில்லை.

அதனால் படிக்கத் தொடங்கினேன். போத்தல்களில் ஒட்டிய தாள்களை வாசித்தேன். விளங்காததைக் கேட்டேன். கேட்டதற்குச் சொல்லாதவர்களை இன்னொரு முறை கேட்டேன். கழுவும் முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தொட்டிக்கு மேல் ஒட்டினேன்: சவர்க்காரம் இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை. நீர்த்த அமிலத்தில் ஊற வை. வடித்த தண்ணீரில் ஏழு முறை அலசு. கவிழ்த்துக் காய வை. ஊதாதே. கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. காயட்டும் என்று வாயால் ஊதுகிற பழக்கம் எனக்கு இருந்தது.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் தம்பி வந்தான்.

“யாருங்க இது, தமிழ்ல ‘ஊதாதே’ன்னு எழுதி ஒட்டினது?”

திரும்பிப் பார்த்தால், மெல்லிய கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் வாசலில் சிரித்தபடி நிற்கிறான். திருநெல்வேலிப் பக்கம். கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு ஒரு வருட ஆராய்ச்சிக்கு அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்தான்.

“நான்தான் தம்பி. ஏன், பிழையோ?”

“பிழையா? அக்கா, இந்த ஊர்ல வந்து முதல்ல வாசிச்ச எழுத்து தமிழா இருக்கேன்னு நிக்கிறேன்.”

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் விழுந்துவிட்டேன் என்று என் கூட்டாளி சொல்வாள். நெடுந்தீவுக்காரி. கால்சாப் பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. வாயைத் திறந்தால் எதையாவது சொல்லி வைப்பாள், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் நான் மென்றுகொண்டிருப்பேன். “எடி, சிரிச்சுக் கதைக்கிற பொடியன் எல்லாம் உனக்குத் தம்பியெண்டால், மாதா பெருநாளுக்கு இன்னும் பத்துப் பானை வைக்கவேணும்” என்றாள். சிரித்தேன். அடுத்த நாளே இரண்டு பேருக்குப் புட்டு அவித்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழுவும் அறைக்கு வெளியே இருந்த வாங்கில் உட்கார்ந்து, அவன் என்ன செய்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் நியூக்ளியோடைடு என்று ஒரு வகைத் துண்டுகள் உண்டாம். தட்டையான தலை, நடுவில் ஒரு சர்க்கரை, பின்னால் பாஸ்பேட் வால். தலை நாலு விதம். அதில் ஒன்று ஏடிபி, உடம்புக்கு வலுக் கொடுப்பது. மிச்சம் மூன்றும் அதன் உடன்பிறப்புகள், பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுபோல. தண்ணீரில் இவை நாலும் கலந்து கிடக்கும்போது ஏடிபியை மட்டும் அடையாளம் கண்டு, ‘இதோ, வந்துவிட்டது’ என்று ஒளி காட்டுகிற ஒரு மூலக்கூறைக் கையாலே கட்டுவதுதான் அவன் வேலை. அதற்கு ஏற்பி என்று பெயர்.

“எப்பிடித் தெரியும் வந்தது அதுதான் எண்டு?”

“ஒரு நாற்காலின்னு வச்சுக்கோங்க அக்கா. ரெண்டு கை. ரெண்டு கையிலயும் துத்தநாகம். அந்தத் துத்தநாகம்தான் வாலைப் பிடிக்கும். முதுகு தட்டை, அதுல தலை போய் ஒட்டிக்கும். ஆனா நாற்காலியைச் சும்மா விட மாட்டோம். ஒரு சாயத்தை முன்னாடியே உக்கார வச்சிருவோம். உக்காந்திருக்கிற வரைக்கும் சாயம் மங்கலா இருக்கும். ஏடிபி வந்து அதைத் தள்ளிட்டு உக்காந்தா, வெளிய விழுந்த சாயம் நீலமா ஒளிரும்.”

“அப்ப ஒளிருறது வந்தவன் இல்லை. கதிரையை இழந்தவன்.”

அவன் புட்டை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினான். “அக்கா, இதை நான் என் அடுத்த உரையில சொல்லுவேன்.”

“சொல்லும், சொல்லும். கீழ என்ர பெயரைப் போடும்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. அது நல்ல சிரிப்புத்தான்.

இன்னொரு நாள் சொன்னான்: “எண்ணெய் மாதிரித் திரவத்துல இதைச் செய்யறது சுலபம் அக்கா. தண்ணியிலதான் பாடு. தண்ணி சொந்தக்காரங்க மாதிரி. யாரையும் தனியா விடாது. சுத்தி நின்னு கட்டிப் பிடிச்சுக்கும். அந்தக் கூட்டத்தை விலக்கிட்டு உள்ள போய் ஒருத்தன் கையை மட்டும் பிடிக்கணும்.”

“பூசை முடிஞ்சு கோவில் வாசலில நிக்கிற எங்கட ஆக்கள் மாதிரியெண்டு சொல்லும்.”

அவனிடம் நாலு நல்ல பெட்டிகள் இருந்தன. மூடிகளில் ஏ, சி, ஜி, யூ என்று எழுதியிருந்தான். ஒவ்வொரு நியூக்ளியோடைடுக்கும் தனிப் பெட்டி. மாறக் கூடாது. நான் அவற்றை மற்றவற்றோடு சேர்க்காமல் தனித் தட்டில் கழுவி வைப்பேன்.

இனி தேசிக்காய் விஷயம். நாங்கள் தேசிக்காய் என்பதைத் தம்பி எலுமிச்சம்பழம் என்பான். இங்கே கிடைப்பது இரண்டும் இல்லை, உள்ளங்கைக்குள் அடங்காத மஞ்சள் பழம். அவன் வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருந்தான். ஒரு நாள் தன் கேத்திலின் உள்பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டினான். சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது. பலெர்மோத் தண்ணீர் அப்படி. கொதிக்க வைத்தால் வெள்ளை, காய்ந்தால் வெள்ளை. கல்காரே என்பார்கள். வீடுகளில் பதினாறு வருடம் நான் சண்டை பிடித்த எதிரி அது.

“அரைத் தேசிக்காயைப் பிழிஞ்சு, மிஞ்சின கோதையும் உள்ளுக்க போட்டுக் கொஞ்ச நேரம் விடும். பிறகு பாரும், புதுசு. சிஞ்ஞோராமாரின்ர விலை கூடின கண்ணாடிக் குவளையெல்லாம் நான் இப்பிடித்தான் பளபளக்க வைச்சனான். ஆனா இஞ்சை இல்லை தம்பி, விளங்குதோ? வீட்டில மட்டும்.”

“இங்க ஏன் கூடாது?”

“இஞ்சை நான் சோப்பே தொடுறேல்லை, நீர் தேசிக்காயைக் கேக்கிறீர்.”

அவ்வளவுதான் சொன்னேன். ஏன் கூடாது என்ற இரசாயனம் அன்று எனக்கும் தெரியாது. தட்டில் இருக்க வேண்டியது தவிர வேறொன்றும் அங்கே வரக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் நடுவில் இந்த ஊரே பூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஆய்வுக்கூடமும் மூடியிருக்கும். எங்களுக்கு மடு மாதா பெருநாள். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். போகுமுன் நாலு பெட்டிகளையும் கழுவி, காய வைத்து, தட்டை மூடி வைத்தேன். தம்பி மட்டும் சாவி வாங்கிக்கொண்டு தனியாக வேலை செய்வதாகச் சொன்னான். பெருநாளுக்கு வரச் சொன்னேன். “அடுத்த வருஷம் நிச்சயம் அக்கா” என்றான்.

பத்தொன்பதாம் தேதி காலை திரும்பி வந்தபோது கழுவும் தொட்டியில் ஒரு விதை கிடந்தது. குப்பைக் கூடையில் பிழிந்த பாதி தேசிக்காய்.

“தம்பி, என்ன, கலியாண வீடோ இஞ்சை?”

“டீக்கு அக்கா, டீக்கு!” என்றான், தலையைத் திருப்பாமலே.

விதையை எடுத்துக் கூடையில் போட்டேன். பெட்டிகளை மறுபடி என் முறைப்படி கழுவினேன். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அந்த வாரம் தம்பி நிலத்தில் கால் படாமல் நடந்தான். ஏற்பி வேலை செய்துவிட்டது. மற்ற மூன்றுக்கும் மங்கலாகக் கிடந்த தண்ணீர், ஏடிபிக்கு மட்டும் நீலமாக ஒளிர்ந்ததாம். அதுவும் துளியிலும் துளியான அளவுக்கே. பேராசிரியை விடுமுறையிலிருந்து வந்து படங்களைப் பார்த்துவிட்டு அவனைக் கட்டியணைத்தார். தாழ்வாரத்தில் ஒரு போத்தல் திறந்தார்கள். எனக்கும் ஒரு குவளை தந்தார்கள். “இதில் சிஞ்ஞோராவின் கையும் இருக்கிறது” என்று பேராசிரியை எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். முழங்கால் வலித்ததா என்று நினைவில்லை.

ஒக்டோபரில் காற்று மாறியது. வேறொரு நாட்டு ஆய்வுக்கூடம் அதே ஏற்பியை வாங்கிச் செய்து பார்த்தது. அவர்களுக்கு ஏடிபியும் மற்றவை போலத்தான் இருந்தது. இங்கே பேராசிரியையின் மாணவி ஒருத்தி செய்து பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. தம்பி மறுபடி செய்தான். அவனுக்கே வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினான். நான் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி அவன் மேசையில் வைத்துவிட்டு வருவேன். மாலையில் காலியாக இருக்கும், கழுவாமல். பாவம், வேலைப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் தொடக்கத்தில் பேராசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கூட்டுறவின் தாள் இருந்தது. எனக்கான டிசம்பர் தாள்.

“சிஞ்ஞோரா, கோபிக்க வேண்டாம். நேராகக் கேட்கிறேன். பெட்டிகளில் கல்காரே படிந்தால் எலுமிச்சை போடுவீர்களா?”

இத்தாலிய மொழியில்தான் கேட்டார். எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

“நானா? இங்கேயா? இல்லை, பேராசிரியை.”

“வீடுகளில் செய்வீர்கள் அல்லவா? பழக்கத்தில் கை போயிருக்கலாம். எலுமிச்சையின் அமிலம் துத்தநாகத்தைப் பிடுங்கிவிடும். யாரும் வராமலே சாயம் வெளியே விழுந்து ஒளிரும். நாங்கள் அதைப் பார்த்து ஏடிபி என்று நினைத்திருக்கிறோம். இது பெரிய விஷயம். இந்தக் கடிதத்தை இப்போது என்னால் எழுத முடியாது.”

அமிலம், துத்தநாகம் எல்லாம் பிறகுதான் மண்டைக்குள் போனது. அந்த நிமிடம் ஒன்றே ஒன்றுதான் காதில் நின்றது: நான் வீடுகளில் தேசிக்காய் போடுவேன் என்று இவருக்கு யார் சொன்னது? இந்தக் கட்டிடத்தில் அதை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லியிருந்தேன்.

நேரே அவன் மேசைக்குப் போனேன்.

“தம்பி, பேராசிரியைக்கு என்ன சொன்னீர்?”

“அக்கா, உங்க பேரைச் சொல்லலக்கா. கழுவுறப்ப ஏதாவது ஆயிருக்கலாம்னுதான் சொன்னேன்.”

“தேசிக்காய் எண்டு சொன்னது ஆர்?”

கணினித் திரையைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை.

“சாத்தியக்கூறுல ஒண்ணா சொன்னேன்.”

“ஆகஸ்டில தொட்டிக்க விதை கிடந்தது. டீக்கு எண்டு சொன்னீர்.”

“டீக்குத்தான்.”

“நீர் பால் டீயெல்லோ குடிக்கிறனீர்.”

விசைப்பலகையில் ஏதோ தட்டத் தொடங்கினான். நான் வந்துவிட்டேன். பின்னால் கூப்பிடுவான் என்று தாழ்வாரத்தின் முடிவு வரை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

நெடுந்தீவுக்காரியைக் கால்சாக் கடலோர வாங்கில் பிடித்தேன். அவளுடைய சிஞ்ஞோரா சக்கர நாற்காலியில் வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எடியே, நீ சோறு குடுத்தனீ எண்டு அழுறியோ, வேலை போகப்போகுது எண்டு அழுறியோ? முதல்ல அதைச் சொல்லு.”

“ரெண்டுக்கும்.”

“ரெண்டுக்கும் ஒரே கண்ணீர் காணாது. சோத்துக்காகப் பிறகு அழலாம். வேலைக்கு இப்ப என்ன செய்யப்போறாய்?”

“நான் செய்யேல்லை எண்டு சொல்லுவன்.”

“அவன் படிச்சவன், கணினியில சொல்லுவான். நீ வாயால சொல்லுவாய். ஆரைக் கேப்பினம்?” சிஞ்ஞோராவின் போர்வையை இழுத்துவிட்டாள். “அந்தக் கருவிக்கு ஆளைத் தெரியுமோ?”

“இல்லை. தண்ணியை மட்டும்தான் தெரியும்.”

“அப்ப அதைக் கேளன், உன்ர தண்ணி எப்பிடியெண்டு.”

அவள் சும்மா சொன்னதுதான். அதைத் தூக்கிக்கொண்டுதான் நான் வீட்டுக்குப் போனேன். அவன் எப்படித் தவறினான் என்று யோசித்து யோசித்து ஒரு வழிக்கு வந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் நியூக்ளியோடைடு போடுமுன் வெறுமனே ஏற்பியையும் சாயத்தையும் தண்ணீரில் விட்டு ஒரு முறை பார்க்க வேண்டும். வெற்றுச் சோதனை என்பார்கள், அவனே எனக்குச் சொல்லித் தந்தது. ‘யாரும் வராத தண்ணி’ என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். நாலு பெட்டிக்கும் நாலு முறை. ஏ பெட்டிக்கு அதைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். செய்திருக்க மாட்டான்.

அடுத்த நாள் பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன்: “எனக்கு மூன்று பெட்டி தாருங்கள். மூன்றையும் நான் கழுவுகிறேன். நீங்கள் பாருங்கள். பிறகு கடிதத்தை எழுதுங்கள், அல்லது எழுதாமல் விடுங்கள்.”

பேராசிரியை மறுக்கவில்லை. அந்தப் பெருமையை நான் அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

முதல் பெட்டியை என் முறைப்படி கழுவினேன். இரண்டாவதைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊற வைத்து, குழாய்த் தண்ணீரில் அலசினேன், அவசரக்காரன் செய்கிற மாதிரி. மூன்றாவதையும் தேசிக்காயில் ஊற வைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அமிலம், ஏழு முறை வடித்த தண்ணீர், கவிழ்த்து வைப்பது, முழுவதும் செய்தேன். மூன்றிலும் பேராசிரியையே தன் கையால் ஏற்பியையும் சாயத்தையும் விட்டார். நியூக்ளியோடைடு ஒரு துளி கூட இல்லை. யன்னல் திரையை இறக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டார். தம்பியையும் கூப்பிட்டிருந்தார். அவன் சுவரோரம் நின்றான்.

முதல் பெட்டி மங்கல். மூன்றாவது மங்கல். நடுவில் இருந்தது மட்டும் நீலமாக ஒளிர்ந்தது.

இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அத்தனை மாதம் கழுவி வைத்தேன், அந்த நீலத்தை அன்றுதான் முதல் முறை கண்டேன்.

“நான் பழக்கத்தில் தேசிக்காய் போட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். “அதற்குப் பிறகு என் முறையில் கழுவினால் அது மிஞ்சாது. மூன்றாவது பெட்டியைப் பாருங்கள். ஆகவே தேசிக்காய்தான் கடைசிக் கை. என் கழுவலுக்குப் பிறகு, அளப்பதற்கு முன்.”

பேராசிரியை நடுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார், என்னிடமும் அல்ல, அவனிடமும் அல்ல, இரண்டு பேருக்கும் பொதுவாக: “கடைசிக் கை யாருடையது?”

நான் பேசவில்லை. வேண்டுமென்றேதான் பேசவில்லை. என்னிடம் பதில் இருந்தது. ஆனாலும் அந்த இருட்டில் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரட்டும் என்று காத்திருந்தேன். ‘நான்தான்’ என்றால் போதும். ‘பெட்டியைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டேன், வெள்ளை படிந்துவிட்டது, அக்கா சொன்னது ஞாபகம் வந்தது, பிழை செய்துவிட்டேன்’ என்றால் போதும். பிழை யாருக்கும் வரும். நானே ஒரு முறை ஊதியிருக்கிறேன். அவன் சொல்லியிருந்தால், பேராசிரியையிடம் அவனுக்காக மன்றாடும் முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். விளக்கு இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சோறு ஆறுகிற அளவு நேரம் எனக்கு.

பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தேன். கூட்டுறவின் வருகைத் தாள். பதின்மூன்று முதல் பதினெட்டு வரை என் பெயருக்கு நேரே விடுமுறை. “நல்ல முடிவு வந்தது எந்த நாள் என்று அவருடைய குறிப்பேட்டில் இருக்கும்” என்றேன். பேராசிரியை குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவன் கொண்டுவந்தான். ஆகஸ்ட் பதினைந்து. அவனுடைய அழகான கையெழுத்து. அந்த நாளில் நான் மாதா சுரூபத்துக்குப் பின்னால் வெயிலில் நடந்துகொண்டிருந்தேன்.

திரை ஏறியது. வெளிச்சத்தில் நடுப் பெட்டியும் மற்றப் பெட்டிகள் போலத் தெளிந்த தண்ணீராக நின்றது.

அன்றிலிருந்து அவனோடு பேசும்போது நெருக்கத்தில் சொல்கிற ‘நீர்’ என்பதை விட்டு ‘நீங்கள்’ என்றேன். அவனுக்கு அதன் கனம் விளங்கியதோ தெரியாது. அவனுடைய ஊரில் அது வெறும் மரியாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வியா மக்வேதாத் தெருவில் எதிரே வந்தான். ஒதுங்க இடமில்லாத கூட்டம். நின்றான்.

“அக்கா, எனக்கு நீட்டிப்பு கிடைக்காமப் போனா ஊருக்குத்தான் போகணும். இங்க தங்குற பெர்மெஸ்ஸோ அதோட முடிஞ்சிரும். உங்களுக்கு இங்க எல்லாரையும் தெரியும். வீட்டு வேலை எப்பவும் கிடைக்குமேன்னு நெனச்சேன்.”

இதைத்தான் நான் இன்னும் விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். மாட்டிக்கொண்ட பயத்தில் சொன்னான் என்று அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். பயம் இல்லை. கணக்காக யோசித்திருக்கிறான். புட்டுச் சாப்பிட்டபடி என் முழங்கால் கதையைக் கேட்டவன், எனக்கு எது போனாலும் தாங்கும் என்று முடிவு கட்டியிருக்கிறான்.

“ஓம், கிடைக்கும்” என்றேன். “உங்களுக்கும் கிடைக்கும். குளியலறை மூண்டு, படி எழுபது. கேட்டுச் சொல்லட்டோ?”

அவன் முகம் கறுத்துப்போனது. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் ‘வாறன்’ என்று சொல்லாமலே நடந்துவிட்டேன்.

டிசம்பரில் பேராசிரியை கடிதத்தை எழுதினார். ‘இவரே தொடரட்டும்.’ கூடவே, அந்த முடிவுகள் ஏன் கைவிடப்பட்டன என்று ஆய்வுக்கூடக் கோப்புக்கு எழுதிய ஒரு பக்கத்தையும், எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று, நீட்டினார். வாசித்தேன். நடுவில் ஒரு வரி: ‘கண்ணாடிப் பொருட்கள் கழுவப்பட்டதில் நேர்ந்த தவறு.’

“பேராசிரியை, இந்த ஆய்வுக்கூடத்தில் கழுவுவது யார்?”

“நீங்கள்.”

“அப்படியென்றால் இந்த வரியை வாசிக்கிறவர் யாரை நினைப்பார்?”

“யாருடைய பெயரும் இல்லையே, சிஞ்ஞோரா.”

தம்பியும் அதையேதான் சொன்னான். உங்க பேரைச் சொல்லலக்கா. ஒன்று இத்தாலிய மொழி, ஒன்று தமிழ். இருட்டில் என் பெட்டிகளைத் தன் கண்ணால் பார்த்தவர் இவர்.

ஒப்பந்தத்தை மேசையில் வைத்துவிட்டேன். “இந்த வரி மாறின பிறகு கையெழுத்துப் போடுகிறேன்” என்றேன். போட்டுவிட்டுப் போயேன் என்று முழங்கால் உள்ளுக்குள் கத்தியது. பேராசிரியை தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டி, மேலே எழுதினார்: ‘அளவீட்டுக்கு முன் ஆய்வாளர் தாமே பெட்டியை எலுமிச்சைச் சாற்றால் கழுவியதால் நேர்ந்த தவறு. வெற்றுச் சோதனை செய்யப்படவில்லை.’ ஓரத்தில் சிறு கையெழுத்து வைத்தார். நானும் என் தாளில் கையெழுத்திட்டேன். கணினிக்குள் இருக்கும் பக்கத்தில் அந்த வரி மாறியதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இல்லை என்ற பதிலைத் தாங்க அன்று எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

தம்பிக்கு நீட்டிப்புக் கிடைக்கவில்லை. வேறு எங்கோ இடம் கிடைத்துப் போனதாக மாணவி சொன்னாள். போன அன்று காலை கழுவும் அறை மேசையில் என் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. துண்டுத் தாள் ஒன்றும் இல்லை. திறந்து பார்த்தேன். பளபளவென்று தேய்த்திருந்தான். தேசிக்காய் வாசம்.

“மன்னிப்புக் கேட்டிருக்கிறானடி, தன்ர பாஷையில” என்றாள் நெடுந்தீவுக்காரி.

“என்ர பாஷை அவனுக்குத் தெரியாதோ?”

 

இப்போது புது ஒழுங்கு. ஒவ்வொரு காலையும், யாரும் அளவு எடுக்குமுன், நானே ஒவ்வொரு பெட்டியிலும் யாரும் வராத தண்ணீரை விட்டு விளக்கின் கீழ் பார்த்து, தாளில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். பேராசிரியை எனக்கு அந்தப் பொறுப்பைத் தந்தபோது பெருமையாக ஏற்றுக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. ‘கழுவியாயிற்று’ என்று நான் சொன்னால் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது. இப்போது விளக்கும் சொல்ல வேண்டும். நான் திரையை இறக்குகிறேன். பெட்டிகள் மங்கலாக நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘ஒளி இல்லை’ என்று எழுதுகிறேன்.